கெயின்ஸ்வில் கோழி ஆலையையும் சொல்லியிருக்க வேண்டும்
இறைச்சி ஆலை விபத்துகள் பற்றிய உங்கள் கட்டுரையில் கத்தியிலும் ரம்பத்திலும் விரல் போவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெயின்ஸ்வில் கோழி ஆலையில் நடந்ததை விட்டுவிட்டீர்களே. 2021 ஜனவரி 28 அன்று உறையவைக்கும் இயந்திரத்திலிருந்து திரவ நைட்ரஜன் வழிந்து 6 பேர் இறந்தார்கள். திரவ மட்டத்தை அளக்கும் குழாய் ஒன்று வளைந்திருந்ததால் மட்டம் சரியாகத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். வழிந்த நைட்ரஜன் வெண்புகையாக ஆவியாகி அறையிலிருந்த ஆக்சிஜனை விரட்டிவிடும்; அதற்கு வாசனையும் கிடையாது. அறையில் ஆக்சிஜன் குறைவதைச் சொல்ல ஓர் அலாரம்கூட இல்லை. மனசு ஆறாதது அடுத்த விஷயம்: உள்ளே போனவர்களுக்கு என்ன ஆச்சோ என்று பதறி ஓடிய சக தொழிலாளர்களும் அதே வெண்புகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே போகக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. ஓர் அலாரம் என்ன அவ்வளவு பெரிய செலவா?