எந்தச் சிங்கம்?

மனைவி: அந்தச் சிங்கத்தின் முகம் கண்ணிலேயே நிற்கிறதுங்க. சாகக் கிடக்கிற முகம். பார்க்கவே பாவமாக இருந்தது.

கணவர்: எந்தச் சிங்கம்?

மனைவி: காலையில் பார்த்தோமே.

கணவர்: எந்த ஊரில்?

மனைவி: இதே லூசெர்னில்தான். ஓட்டலிலிருந்து பத்து நிமிஷ நடை.

கணவர்: சிங்கம்?

மனைவி: சிங்கம்.

கணவர்: உயிரோடு?

மனைவி: உயிர் போய்க்கொண்டிருந்தது என்கிறேனே. விலாவில் ஈட்டி பாய்ந்து, முறிந்து, முனை உள்ளேயே தங்கிவிட்டது.

கணவர்: இந்த ஸ்விட்சர்லாந்திலா? நான் பெல்ட் போடவில்லை என்று பஸ்ஸையே எடுக்க மாட்டேன் என்றார் அந்த டிரைவர். சிங்கத்தைக் குத்தியவனைச் சும்மா விட்டுவிட்டார்களா?

மனைவி: விட்டுவிட்டார்கள். அது 200 வருஷமாகச் செத்துக்கொண்டே இருக்கிறது.

கணவர்: அவ்வளவு வயதான சிங்கமா? ஒரு நிமிஷம். நீங்கள் எல்லோரும் ஜூவுக்குப் போயிருக்கிறீர்கள். என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மனைவி: ஜூ இல்லை.

கணவர்: பின்னே சர்க்கஸா? 38 பேர் குரூப்பில் 37 பேர் சிங்கம் பார்த்திருக்கிறார்கள். நானும் முழுப் பணம் கட்டியவன்தானே? டூர் மேனேஜர் நம்பர் எங்கே? என் டிக்கெட் காசைத் திருப்பித் தரச் சொல்கிறேன்.

மனைவி: டிக்கெட் கிடையாது. இலவசம்.

கணவர்: பார்த்தாயா! இலவசம் என்றதும் என்னிடம் மறைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்?

மனைவி: சிங்கத்துக்கு நேர் எதிரில்.

கணவர்: எதிரிலா? எதிரில் நின்றால் எனக்குத் தெரியாதா?

மனைவி: உங்கள் முதுகுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. உங்கள் முகம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணவர்: இரு, போனிலேயே பார்த்துவிடுவோம். காலை 10.20. இதோ நான். பின்னால் குளம், பாறை. சிங்கம் எங்கே?

மனைவி: உங்கள் தலைக்குப் பின்னால்.

கணவர்: காது பக்கத்தில் பழுப்பாக ஏதோ முளைத்திருக்கிறதே?

மனைவி: அது பின்னங்கால். பாறையைக் குடைந்து செதுக்கிய சிங்கம். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். அதை மறைக்க உங்களுக்கு ஒரு தலை போதுமாக இருந்தது.

கணவர்: சிலையா! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? நான் பயந்துவிட்டேன்.

மனைவி: இடம் வந்ததும் கைடு சொன்னாரே. 1792-ல் பாரிஸில் பிரெஞ்சு ராஜாவின் அரண்மனைக்குக் காவல் இருந்த சுவிஸ் வீரர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் நினைவாக 1821-ல் திறந்தது. சம்பளத்துக்குப் போனவர்கள், வேறு நாட்டு ராஜாவுக்காக உயிரை விட்டிருக்கிறார்கள். அதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் "வெளிச்சம் இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது" என்று எல்லோரையும் நகரச் சொன்னீர்கள்.

கணவர்: வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. சரி, லூசெர்ன் முடித்தாயிற்று. டிக் போட்டுவிட்டேன். அடுத்து இந்தப் படம். மரப்பாலம். இதையாவது நான் பார்த்தேன், நடந்தேன். ஒத்துக்கொள்கிறாயா?

மனைவி: நடந்தீர்கள். மேலே பார்த்தீர்களா?

கணவர்: பாலத்தில் நடக்கிறவன் கீழே பார்க்க வேண்டும். மேலே என்ன?

மனைவி: ஓவியம். கூரைக்கு அடியில் வரிசையாக முக்கோணப் பலகைகள். 14-ஆம் நூற்றாண்டுப் பாலம், 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். 1993-ல் தீப்பிடித்துப் பெரும்பாலானவை போய்விட்டன. நடுவில் வெறும் சட்டமாக நின்றதே, கவனிக்கவில்லையா? ஒரு பலகையில் பாதி முகம்தான் மிச்சம், மீதி கரி.

கணவர்: நான் ரிப்பேர் வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

மனைவி: அந்தப் பாலத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?

கணவர்: பத்து நிமிஷம்.

மனைவி: சிங்கத்துக்கு?

கணவர்: கால் மணி.

மனைவி: கடிகாரக் கடைக்கு?

கணவர்: இரண்டு மணி நேரம். ஆனால் அங்கே உட்கார சோபா இருந்தது.

(இந்த இரண்டு மணி நேரம் கற்பனை இல்லை. எந்த டூராக இருந்தாலும், கடைக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் குறையாது. மழை வந்தால் குறைவது ஏரிக்கு ஒதுக்கிய நேரம்தான்.)

மனைவி: எட்டு மணி நேர விமானம் ஏறி வந்து, எந்த ஏர்போர்ட்டிலும் கிடைக்கிற கடிகாரத்தை வரிசையில் நின்று பார்த்தோம். நாமும் வாங்கவில்லை. நம் குரூப்பில் ஒருவருமே வாங்கவில்லை.

கணவர்: சாக்லேட் வாங்கினோம்.

மனைவி: அது கடிகாரக் கடைக்குள்ளேயே இருந்த சாக்லேட்.

கணவர்: சரி விடு. இந்தப் படத்தைப் பார். இதில் என்னை யாரும் அசைக்க முடியாது. "ஐரோப்பாவின் உச்சியில் நான்." சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். யுங்ஃபிராவ் சிகரம் ஏறினேன் என்று.

மனைவி: ஏறினீர்களா?

கணவர்: பின்னே?

மனைவி: நாம் போனது யுங்ஃபிராவ்யோக். இரண்டு சிகரத்துக்கு நடுவே மலை தாழ்ந்திருக்கிற இடம். அங்கே இருப்பது ரயில் ஸ்டேஷன். ஐரோப்பாவிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன், 3,454 மீட்டர். சிகரம் 4,158. மீதி 700 மீட்டரை யார் ஏறினார்கள்?

கணவர்: ஸ்டேஷன் வரை ஏறியது ஏறியதுதானே?

மனைவி: ரயில் ஏறியது. நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினீர்கள்.

கணவர்: சுரங்கத்துக்குள் இருட்டாக இருந்தது. இருட்டில் என்ன பார்ப்பது?

மனைவி: நடுவில் ஐஸ்மேர் ஸ்டேஷனில் ஐந்து நிமிஷம் நிறுத்தினார்களே. பாறையைக் குடைந்து ஜன்னல் வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் கீழே பாளம் பாளமாக விரிசல் விட்ட பனி. அதுவும் வெள்ளையாக இல்லை, விரிசலுக்குள் நீலமாக இருந்தது. இறங்கிப் பார்க்கலாம் வாருங்கள் என்று உங்கள் தோளைத் தட்டினேன்.

கணவர்: நான் என்ன சொன்னேன்?

மனைவி: "டாய்லெட் வந்தால் எழுப்பு" என்றீர்கள்.

கணவர்: அது முக்கியம்தானே. இந்த நாட்டில் அதற்கும் காசு. இண்டர்லாக்கனில் எங்கே இருக்கிறது, லூசெர்னில் எந்தப் படிக்குக் கீழே, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மனைவி: அதைத்தான் படம் எடுக்காமல் பார்த்திருக்கிறீர்கள். அதுதான் ஞாபகம் இருக்கிறது.

கணவர்: கிண்டல் வேண்டாம். மேலே கொடி பிடித்து நான் நிற்கிற படத்துக்கு இதுவரை 64 லைக்.

மனைவி: அந்தக் கொடிக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள்?

கணவர்: முக்கால் மணி. எனக்கு முன்னால் ஒரு குடும்பம். பாட்டியைத் தனியாக, பேரனைத் தனியாக, பாட்டியும் பேரனும் சேர்ந்து, அப்புறம் பாட்டி குதிக்கிற மாதிரி. பாட்டியால் குதிக்க முடியவில்லை. அதனால் மறுபடி.

மனைவி: அந்த முக்கால் மணி நேரமும் உங்களுக்குப் பின்னால் என்ன இருந்தது தெரியுமா?

கணவர்: இன்னொரு சிங்கமா?

மனைவி: அலெட்ச். ஆல்ப்ஸிலேயே பெரிய பனியாறு. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளம். பெரிய நெடுஞ்சாலை வளைந்து போகிற மாதிரி, நடுவில் இரண்டு கறுப்புக் கோடு போட்டு, அசையாமல் கிடந்தது. நான் சுவர் ஓரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா எனக்கு வெந்நீர் கொடுத்தார்கள். எந்த நாட்டுக்காரரோ, ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

கணவர்: நான்தான் வரிசையில் இருந்தேனே. அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன்.

மனைவி: வருஷா வருஷம் அது சுருங்கிக்கொண்டு போகிறது. அடுத்த தடவை பார்க்கலாம் என்று தள்ளிப்போட அது கடிகாரக் கடை இல்லை.

கணவர்: கொடி சுருங்காதே?

மனைவி: சுருங்காது. நிம்மதியாக இருங்கள்.

கணவர்: நீ இப்படிப் பேசினால் நான் சாப்பாட்டுக்கு வருகிறேன். அதில் உண்மையான அனுபவம் எழுதியிருக்கிறேன். படிக்கிறேன் கேள். "சுவிஸ் உணவு ராக்லெட் சாப்பிட்டேன். சீஸ் ரப்பர் மாதிரி இருந்தது. பரிந்துரைக்க மாட்டேன்."

மனைவி: அது வரும்போது எப்படி இருந்தது?

கணவர்: தட்டில் இருந்தது.

மனைவி: உருகி, ஓரத்தில் பொரிந்து, உருளைக்கிழங்கு மேல் வழிந்துகொண்டு வந்தது. வைத்த உடனே சாப்பிட வேண்டும் என்று அந்தப் பெண் கையால் ஜாடை காட்டியே சொன்னாள். நான் சாப்பிட்டேன். நீங்கள் தட்டைச் சுற்றிச் சுற்றி 11 படம் எடுத்தீர்கள். ஊறுகாய் வெள்ளரியை இடம் மாற்றி வைத்தீர்கள். அப்புறம் நாற்காலி மேல் ஏறினீர்கள்.

கணவர்: மேலிருந்து எடுத்தால்தான் தட்டு வட்டமாக வரும்.

மனைவி: ஆறின சீஸ் பின்னே எப்படி இருக்கும்? ரப்பர் ஆக்கியது நீங்கள். பழி ஒரு நாட்டின் மேல்.

கணவர்: தண்ணீர் பாட்டில் விலையையும் எழுதியிருக்கிறேன். நாலு ஃபிராங்க்!

மனைவி: அந்தக் கடை வாசலிலேயே கல்தொட்டியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. குடிக்கக் கூடாது என்று போர்டு இல்லாத வரை இங்கே அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். நான் நிரப்பிக்கொண்டேன். உங்களுக்கும் காட்டினேன்.

கணவர்: நான் அந்தத் தொட்டி முன்னால் நின்று படம் எடுத்தேனே!

மனைவி: முதுகைக் காட்டிக்கொண்டு.

கணவர்: எப்போது பார்த்தாலும் முதுகு, முதுகு. இதோ, இந்த ஏரி படம். பிரியன்ஸ் ஏரி. இதில் நான் இல்லவே இல்லை. வெறும் தண்ணீர். இப்போது என்ன சொல்கிறாய்?

மனைவி: நிறம் ஏன் இப்படி இருக்கிறது?

கணவர்: கொஞ்சம் நீலத்தைக் கூட்டினேன். ஃபில்டர்.

மனைவி: பிளாஸ்டிக் பக்கெட் மாதிரி இருக்கிறது. அங்கே தண்ணீர் இளம்பச்சையும் பாலும் கலந்த மாதிரி இருந்தது. பனியாறு பாறையை மாவாக அரைத்து, அந்த மாவு ஏரியில் மிதக்கிறது. அதில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் அந்த நிறம். பனிக்காலம் பனிக்காலமாக மலை அரைத்த மாவு. உங்களுக்கு அது போதவில்லை, நீலத்தைக் கூட்டினீர்கள்.

கணவர்: எல்லோரும் கூட்டுகிறார்கள்.

மனைவி: சரி, லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கில் வீடியோ எடுத்தீர்களே, அதைப் போடுங்கள். அதையாவது கேட்கிறேன்.

கணவர்: கேட்கிறாயா? பார்க்கிறேன் என்று சொல்.

மனைவி: கேட்கத்தான். ஷ்டாப்பாஹ் அருவி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் சத்தமே இல்லை. ஏறக்குறைய 300 மீட்டர். பாதி வழியிலேயே காற்றில் பொடியாகிவிடுகிறது. நான் கீழே நின்றபோது முகத்தில் ஈரம் மட்டும் வந்தது. சத்தம் எல்லாம் மாட்டு மணிதான். மேலே சரிவில் பத்துப் பதினைந்து மாடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. அது உங்கள் வீடியோவில் இருக்கும்.

கணவர்: இருந்தது.

மனைவி: இருந்தது என்றால்?

கணவர்: சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு டூயட் பாட்டுப் போட்டுவிட்டேன்.

மனைவி: மாட்டு மணியை?

கணவர்: ஒரே டிங் டிங். யார் கேட்பார்கள்?

மனைவி: ...

கணவர்: ஏன் பேசாமல் இருக்கிறாய்? கோபமா? இரு, உன் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போடுகிறேன். 2,140 படத்தில் உன்னுடையது இருக்காதா என்ன. இது நான். இதுவும் நான். இதில்... இதோ, நீ!

மனைவி: அது என் கை. உங்கள் ஜெர்கினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கணவர்: அடையாளம் தெரிகிறது, வளையல் தெரிகிறதே.

மனைவி: எட்டு நாளில் என் ஒரு கை வந்திருக்கிறது. பரவாயில்லை. சிங்கத்துக்கும் ஒரு கால்தானே வந்தது.

கணவர்: நாளைக் காலை சூரிச் கிளம்புவதற்குள் ஓடிப்போய் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடட்டுமா? பஸ் எத்தனை மணிக்கு?

மனைவி: ஆறரைக்கு. வழியில் ஒரு கடையில் நிறுத்துவார்களாம்.

கணவர்: என்ன கடை?

மனைவி: கத்திக் கடை. ஒன்றரை மணி நேரம்.

கணவர்: சரி, அப்படியானால் முடியாது. ஸ்விட்சர்லாந்து முடித்தாயிற்று. அம்மா... எட்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. அந்தத் தைலத்தை எடுத்துக் கொஞ்சம் தேய்த்துவிடேன்.

மனைவி: திரும்பிப் படுங்கள். பாவம், நன்றாகத் தேய்க்கிறேன். ஊர் சுற்றிக் களைத்திருக்கும்.

கணவர்: ஆ... அங்கேதான். இன்னும் கொஞ்சம் மேலே.

மனைவி: கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். நான் இதனிடம் ஒன்று கேட்க வேண்டும்.

கணவர்: எதனிடம்?

மனைவி: உங்கள் முதுகிடம். அந்த ஈட்டி சிங்கத்துக்கு வலது விலாவிலா, இடது விலாவிலா? எனக்கு மறந்துவிட்டது.