எங்களுக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

போன கிழமை நடந்த கமச்செய்கைக் கூட்டம் ஒன்றின் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உழாமல் விதைப்பது பற்றி வன்னிக் கமக்காரருக்கு அறிவு போதாதாம், அதனால்தான் மாற மாட்டோமாம். மேடையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அன்றிரவு நித்திரையே வரவில்லை.

தெரியும் ஐயா. உழாவிட்டால் மண்ணில் ஈரம் நிற்கும், டீசல் மிச்சம், வைக்கோல் மூடாக்காகக் கிடந்தால் மண் பொருக்குக் கட்டாது. எல்லாம் தெரியும். செய்தும் பார்த்தேன்.

2022 பங்குனி. இரண்டு நாள் கானோடு வரிசையில் நின்றும் டீசல் கிடைக்கவில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எங்கள் துண்டுக்குச் சிறுபோகத் தண்ணீரும் இல்லை. சரி என்று, நெல் வெட்டின வயலில் அரை ஏக்கருக்கு உழாமலே பயறு போட்டேன். வெட்டு மெசின் ஈரத்தில் ஓடின தடம் கணுக்கால் ஆழம். அதற்குள் விழுந்த விதை அழுகிப் போனது. மேட்டில் விழுந்ததைப் புறா பொறுக்கியது. வைக்கோலுக்குக் கீழே போனது மட்டும் அப்படி ஒரு முளை! ஒரு கிழமை தினமும் போய்ப் பார்த்தேன். பிறகு ஓர் இரவு கட்டாக்காலி மாடுகள் இறங்கின. விடியப் போனால் குளம்படிதான் மிச்சம்.

இதில் எங்கே ஐயா அறிவு குறைந்தது?

பஞ்சாபில் வெட்டின நெல்லின் அடித்தாளுக்குள்ளேயே கோதுமை விதைக்கிறார்களே என்பீர்கள். அங்கே தாளைக் கிழித்து விதையை இறக்க இயந்திரம் இருக்கிறது, அதற்கு அரசு மானியமும் இருக்கிறது. எங்கள் ஊரில் வாடகைக்குக்கூட அப்படி ஒன்று இல்லை. களைநாசினி அடிக்கலாமே என்பீர்கள். கிளைபோசேட் என்ற களைநாசினியை அரசு 2015 இல் தடை செய்தது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டது, 2022 இல் தடையையே எடுத்தது. நஞ்சு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உழவும் இல்லை, மருந்தும் இல்லை என்றால் கோரைக் களையை எதைக் கொண்டு அடக்குவது? குத்தகைக்குச் செய்கிறவன் ஒரு போகம் தோற்றால், அடுத்த வருசம் அந்த வயல் அவன் கையில் இருக்குமா?

எங்களுக்குத் தெரியாமல் இல்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தெரியாமல் இல்லை.

அப்புறம், இதை அந்த மேடையில் இருந்தவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போர் முடிந்து 2010 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது வயல் முழுக்க இடுப்பளவு பற்றை. மிதிவெடி எடுத்து முடியும்வரை மண்டையோட்டுப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று எங்கள் காணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் உழவு அன்று அப்பா மெசினுக்குப் பின்னால் ஒவ்வொரு சாலிலும் வெறுங்காலோடு நடந்தார். ஒன்றும் பேசவில்லை.

இப்போதும் காலபோகத்துக்கு முதல் சால் விழுகிற நாளில் வரம்பில் வந்து நிற்பார். அவரிடம் உழ வேண்டாம் அப்பா என்று சொல்வதற்கு, உழாமல் விளைந்த ஒரு போகமாவது என் கையில் வேண்டும்.