அந்த 9,000 ரூபாய்க் கைத் தையல் மெசின் பற்றி

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். "பதில் எழுதாதே, தானாக அடங்கிவிடும்" என்றார் வீட்டுக்காரர். அடங்கவில்லை. நேற்று அனுராதபுரச் சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் "அந்த மெசின் அக்கா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். என் காதில் விழும் அளவுக்கு மெதுவாக.

என்ன நடந்தது என்று மறுபடி நீட்டி விளக்கப் போவதில்லை. உவர்மலையில் இருக்கும் ஒரு அன்ரியிடம் பழைய தையல் மெசின் ஒன்றை வாங்கி, திருத்தி விற்றேன்; அதைத்தான் கொள்ளை என்கிறார்கள். ஊர்க் குழுமத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தாயிற்று. இடது பக்கம் நான் வாங்கிய விலை 9,000, வலது பக்கம் விளம்பரத்தில் கேட்ட விலை 32,500, நடுவில் சிவப்பு அம்புக்குறி, மேலே "திருகோணமலையில் பகல் கொள்ளை". அம்புக்குறி போடத் தெரிந்த கைக்கு, அந்த இரண்டு விலைகளுக்கும் இடையில் இருபத்துமூன்று நாட்கள் இருந்தன என்று எழுத மட்டும் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திரும்பத் திரும்பவும் சொல்வேன். ஒரு பொருளை ஒரு விலைக்கு வாங்கி, கூடின விலைக்கு விற்பதற்குப் பெயர் வியாபாரம். கோணேசர் கோயில் வாசலில் தேங்காய் விற்பவர் அந்தத் தேங்காயைத் தானே காய்த்துக் கொண்டுவரவில்லை.

கணக்குக் கேட்டீர்கள் அல்லவா? இதோ. உவர்மலை அன்ரிக்குக் கொடுத்தது 9,000. ஆட்டோ 600. திருத்திய மெக்கானிக் பாஸுக்குக் கூலி 3,500. டென்ஷன் ஸ்பிரிங், ஊசித் தட்டு, பொபின் ஆறு, பொபின் சுற்றும் இறப்பர் வளையம் எல்லாம் சேர்த்து 1,850. கறையான் தின்ற மரப் பெட்டியின் அடிப்பலகைக்கும் வார்னிஷுக்கும் 2,200. மண்ணெண்ணெய், மெசின் எண்ணெய், உப்புத்தாள் 450. மொத்தம் 17,600. விளம்பரத்தில் போட்டது 32,500. அந்த விலைக்கு யாராவது வாங்குவார்கள் என்று நினைத்தால் நீங்கள் இந்த ஊரில் ஒரு பொருளும் விற்றதில்லை என்று அர்த்தம். "அக்கா, கடைசி விலை?" என்று மட்டும் பதினேழு பேர். தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு பெண் 27,000க்கு வாங்கிக்கொண்டு போனார். மிச்சம் 9,400. ஆம், அன்ரிக்குக் கொடுத்ததைவிட 400 ரூபாய் அதிகம். நீங்கள் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இருபத்துமூன்று நாட்களில் 9,400. கொள்ளைக்காரி!

அந்த மெசின் எந்த நிலையில் வந்தது என்பதைப் படம் போட்டவர் போடவில்லை. சக்கரம் சுற்றவில்லை. கடலைப் பார்த்த அறையில், யன்னலுக்குக் கீழே, பல வருடம் கிடந்தது. இந்த ஊரின் உப்புக்காற்று என்ன செய்யும் என்று யன்னல் கம்பி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய எண்ணெய் உள்ளே பிசின்போல இறுகியிருந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு விட்டுக் காத்திருந்தேன். நாலாம் நாள் சக்கரம் கால்வாசி அசைந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு விலை போட்டால் இன்னும் கூடக் கேட்டிருக்க வேண்டும். துடைத்து முடித்தபோது கீழே இலக்கம் தெரிந்தது. சிங்கர் மெசின்களில் அந்த இலக்கத்தை வைத்து எந்த ஆலையில், எந்தக் காலத்தில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். இது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் 1950களில் செய்தது. அந்த ஆலையை 1980இலேயே மூடிவிட்டார்கள். ஆனால் இந்த மெசினுக்கு இன்றைக்கும் கடையில் கிடைக்கும் சாதாரண ஊசியே பொருந்தும். 1877இல் இலங்கைக்கு வந்த பெயர் இது. இங்கே எத்தனை பாட்டிமாரின் கட்டிலுக்குக் கீழே இப்படி ஒன்று கிடக்கிறதோ தெரியாது. கட்டிலுக்குக் கீழே கிடந்தால் அது சாமான். வெளியே எடுத்துத் தைக்க வைத்தால்தான் மெசின்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"வரி கட்டுகிறாரா இவர்?" என்று ஒருவர். ஐயா, 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. அதாவது மாதம் 150,000. நான் அந்த எல்லையைத் தொட்டால் உங்களுக்குத்தான் முதலில் கேக் வெட்டுவேன்.

"காணாமல்போகும் சாமான் எல்லாம் இவர்களிடம்தான் போகிறது" என்று இன்னொருவர். இதை மட்டும் நான் சிரித்துவிட்டுக் கடக்க மாட்டேன். என்னிடம் விற்கும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டைப் பிரதி வாங்குகிறேன். இரண்டு பிரதி துண்டு எழுதி, கையெழுத்து வாங்கி, ஒன்றை அவரிடம் கொடுக்கிறேன். அட்டை இல்லை என்றால் சாமான் வேண்டாம். போன வருடம் ஒரு பையன் புத்தம் புதுத் தண்ணீர்ப் பம்பியை 5,000க்குத் தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றான். திருப்பி அனுப்பினேன். அதற்கு யாரும் அம்புக்குறி போட்டுப் பாராட்டவில்லை.

"ஒரு ஏழைப் பெண்ணுக்குச் சும்மா கொடுத்திருக்கலாமே." கொடுத்திருக்கலாம். நீங்களும் கொடுக்கலாம். உங்கள் வீட்டில் பழைய மெசின் இருந்தால் முகவரி அனுப்புங்கள், திருத்தும் கூலியை நான் போடுகிறேன். இதுவரை ஒரு முகவரியும் வரவில்லை. தம்பலகாமத்துப் பெண் பாடசாலைச் சீருடை தைப்பவர். சீருடைத் துணியை அரசாங்கம் கொடுக்கிறது, தையல் கூலியைத் தாய்மார்தான் கொடுக்க வேண்டும், அதனால் ஜனவரியில் அவருக்குக் கை ஓயாது. மின்சாரம் வேண்டாம், நிலத்தில் இருந்தே தைக்கலாம் என்று இதைத் தேடிக்கொண்டிருந்தார். புது மெசினின் விலையைக் கடையில் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அவருக்கு நான் என்ன அநியாயம் செய்தேன்?

2022இல் நான் பழைய லுமாலா சைக்கிள்களை என்ன விலைக்கு விற்றேன் என்று யாரோ நினைவுபடுத்தியிருக்கிறார். பெற்றோல் வரிசையும் டொலர் 360உம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது எல்லாமே ஏறியது, சைக்கிளும் ஏறியது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இந்த நாட்டில் என்ன நடந்தது? எட்டு வருடம் ஓடிய கார், வாங்கிய விலையைவிடக் கூடின விலைக்குப் போனது. விற்றவர்கள் யார்? டொக்டர்கள், எஞ்சினியர்கள், அதிபர்கள். "நல்ல விலைக்குப் போனது" என்று கோயில் வீதியில் நின்று பெருமையாகச் சொன்னார்கள். கேட்டவர்களும் "கெட்டிக்காரர்" என்றார்கள். கார் விற்றால் கெட்டித்தனம். தையல் மெசின் விற்றால் கொள்ளை. அதையும் ஒரு பெண், பாலையூற்றில் வீட்டு விறாந்தையில் வைத்து விற்றால் பெரும் கொள்ளை. என் வீட்டுக்காரர் விற்றிருந்தால் இந்தப் பின்னூட்டங்களில் பாதி வந்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

நான் இதைப் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. வீட்டுக்காரர் நிலாவெளியில் சுற்றுலாப் படகில் வேலை செய்தவர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போடு வெள்ளைக்காரர் வருவது நின்றது. எழும்பலாம் என்று பார்க்கும்போது கொரோனா. புறாத்தீவுக்குப் போக ஆள் இல்லாத பருவத்தில் ஊரடங்கில் வீட்டில் இருந்து, எங்கள் மேசை மின்விசிறியைப் படம் எடுத்துப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் விற்றுப்போனது. பிறகு மாமியின் மாவரைக்கும் மெசின். பிறகு பக்கத்து வீட்டு அலுமாரி. அப்படித்தான் வந்தது. இலாபம் மட்டும் பார்ப்பவர்கள் என் வீட்டுப் பின்பக்கம் வந்து பாருங்கள். 18,000 கொடுத்து வாங்கிய குளிர்சாதனப் பெட்டி, கொம்பிரசர் போய், கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் 4,500க்குப் போனது. அந்த 13,500 ரூபாயை யாராவது குழுமத்தில் நிதி சேர்த்துத் தந்தீர்களா?

சரி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் ஒளித்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். "அன்ரிக்கு விலை தெரியாது, உனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாமே?"

நடந்ததைச் சொல்கிறேன். நான் 7,000 என்றேன். அவர் "ஒன்பது தா, பிள்ளை" என்றார். பேரம் பேசாமல் கொடுத்தேன். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது போனதே போதும் என்று பிளேன்ரீ ஊற்றித் தந்தார். திருத்தினால் இருபத்தைந்துக்கு மேல் போகும் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். சொன்னேனா? சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. சக்கரம் அசையாத ஒன்றைத் திருத்த முடியுமா என்று எனக்கே நிச்சயமில்லை. அசையாமலே போயிருந்தால் அந்த 9,000ஐத் திருப்பித் தாருங்கள் என்று நான் உவர்மலை ஏறியிருப்பேனா?

அந்த விலை எனக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. சொல்ல விருப்பமில்லாமல்தான் சொல்கிறேன்.

2004 டிசம்பரில் நாங்கள் திருக்கடலூரில் இருந்தோம். அம்மாவிடம் ஒரு கால் மெசின் இருந்தது. நாங்கள் மூன்று பேர் படித்தது அந்த மெசினில். கடல் வந்து போன பிறகு, அது மண்ணுக்குள் பக்கவாட்டில் கிடந்தது. இழுத்து எடுத்தோம். முற்றத்தில் மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். காய்ந்தால் சரியாகிவிடும் என்று நம்பினோம். காயக் காயச் சிவப்பாகியது. பிறகு லொறியில் பழைய இரும்பு வாங்க வந்தார்கள். தராசில் வைத்தார்கள். 430 ரூபாய். அம்மா காசை எண்ணாமல் வாங்கினார்.

பதினாறு வருடம் கழித்து, ஊரில் மிஞ்சியிருக்கும் மெசின் பாஸ் ஒருவர் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தரும்போது சாதாரணமாகச் சொன்னார்: "உப்புத் தண்ணீர் பட்டால் வெயிலில் வைக்கக் கூடாது, பிள்ளை. நல்ல தண்ணீரில் கழுவி உடனே மண்ணெண்ணெய் விட வேண்டும். வார்ப்பிரும்பு, தப்பிவிடும்." நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவருக்கு ஏன் என்று தெரியாது.

அன்றைக்கு எங்கள் வாசலுக்கு என்னைப்போல ஒரு வியாபாரி வந்திருந்தால், அம்மாவுக்கு 430க்குப் பதில் 2,000 கிடைத்திருக்கும். அவர் அதைத் திருத்தி 10,000க்கு விற்றிருப்பார். நாங்கள் அவரைத் திட்டியிருப்போமோ என்னவோ. ஆனால் அந்த மெசின் எங்கேயோ ஒரு வீட்டில் தைத்துக்கொண்டு இருந்திருக்கும்.

இனி அந்தப் படத்தைப் போட்டவருக்கு. அன்ரியின் மகனுக்கு. ரொறன்ரோவில் இருக்கிறீர்கள், நன்றாக இருங்கள். அம்மாவுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று உங்களுக்கு வலித்தது, அதில் பிழை இல்லை. ஆனால் தம்பி, நான் மெசின் எடுக்க வந்த அன்றைக்கு உங்கள் வீட்டுக் குசினியில் பைப் ஒழுகிக்கொண்டு இருந்தது. கீழே வாளி. அந்த வாளி நிரம்பியதும் எழுந்து போய் ஊற்றிவிட்டு வருவதற்கு அன்ரிக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? விறாந்தை மின்குமிழ் எரிந்துபோய் எத்தனை மாதம் என்று கேட்டீர்களா? மாற்றிவிட்டது நான். அதற்குக் கூலி கணக்கில் சேர்க்கவில்லை, மேலே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போன வீடுகளில் அலுமாரியும் கட்டிலும் மெசினும் அம்மாக்களும் மட்டும் இருக்கிறார்கள். அலுமாரிக்கு என்ன விலை என்று கேட்க மட்டும் எல்லோரும் திரும்பி வருகிறீர்கள்.

இதைக் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் அழிக்கச் சொல்கிறார். அழிக்கவில்லை.

ஒரு விடயம். மெசின் பெட்டியின் பக்கத்துச் சின்ன அறைக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பொத்தான்கள், ஊசி குத்திய துணி, ஒரு சின்னப் பையன் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் படம். சட்டை வீட்டில் தைத்தது, கழுத்துப்பட்டி கொஞ்சம் கோணல். அது நான் வாங்கிய பொருள் இல்லை, அதனால் விற்கவில்லை. அன்ரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன், அதற்கிடையில் உங்கள் அம்புக்குறிப் படம் வந்துவிட்டது. இப்போது அந்தப் படியேற எனக்குக் கால் வரவில்லை. ஏன் எனக்குக் கால் வரவில்லை என்றுதான் மூன்று நாளாக யோசிக்கிறேன். நீங்கள் என்னை பிளாக் பண்ணி வைத்திருப்பதால் உள்பெட்டியிலும் சொல்ல முடியவில்லை. அன்ரியின் மகனோடு நட்பில் இருப்பவர்கள் யாராவது அவரிடம் சொல்லிவிடுங்கள். டின் என் மேசையில்தான் இருக்கிறது. மாலை ஐந்துக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.