சான்றிதழ் இருக்கட்டும், பக்கத்தைத் திறந்து பாருங்கள்

பேசாமல் விடத்தான் நினைத்தேன். நான் செய்யும் வெப் டிசைன் பற்றி ஒருவர் போட்ட கொமெண்டின் ஸ்கிரீன்ஷொட்டை இத்தனை பேர் அனுப்பிய பிறகு முடியவில்லை. "கம்பஸ் (பல்கலைக்கழகம்) பக்கமே போகாத ஆளுக்கு வெப் டிசைன் பற்றி என்ன தெரியும்?" என்று அதில் இருந்தது. சரி. நான் செய்த பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டா கேட்டீர்கள்?

நான் பழகியது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நெட் கஃபேயில். பிடித்த தளத்தில் ரைட் கிளிக் செய்து 'வியூ சோர்ஸ்' கொடுத்தால், அந்தப் பக்கத்தைக் கட்டியிருக்கும் குறிமொழியான எச்டிஎம்எல் முழுவதும் கண்முன்னே வரும். அதைப் பிரித்துப் பிரித்துத்தான் படித்தேன். களவாகக் கற்றதில்லை இது. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே பட்டம் எடுத்தது பௌதிகவியலில். 1993இல், அவர் வேலை செய்த ஐரோப்பிய ஆய்வுக்கூடமான சேர்ன் அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்தோம்.

உடனே "படித்தவர்களை மட்டம் தட்டுகிறாய்" என்று வருவீர்கள். இல்லை. டேட்டாபேஸில் சிக்கினால் இன்றைக்கும் படித்த நண்பர்களிடம்தான் ஓடுகிறேன். ஏஐ எல்லாவற்றையும் செய்துவிடும் என்பவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான்: செய்யட்டும், அந்தப் பக்கத்தையும் திறந்து பார்ப்போம்.

நான் டிசைனை ஆங்கிலத்தில் தொடங்குவதில்லை. முதலில் தமிழை வைப்பேன். 'அப்ளை' அடங்கும் பட்டனில் 'விண்ணப்பிக்க' அடங்காது. வரி இடைவெளி போதாவிட்டால் மேல்வரியின் 'பூ' கீழ்வரியின் 'கீ'யில் போய் முட்டும். பிறகு விலை குறைந்த ஒரு போனில், வெயிலில் நின்று வாசித்துப் பார்ப்பேன். இதெல்லாம் அழகுக்கு இல்லை, வாசிக்க முடிவதற்கு.

நீங்கள் எல்லோரும் புகழ்ந்த அந்தத் தளத்தில் தமிழ்ப் பகுதி எப்படி இருக்கிறது? பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததைப் படமாக்கி ஒட்டியிருக்கிறார்கள். கூகுளில் தேடினால் அகப்படாது. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும், பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் ஒரு சொல்லைக்கூட வாசிக்காது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே இலங்கை அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். திரையில் இன்னும் இந்த நிலைமை.

அம்மா ஒருநாள் இப்படியொரு தளத்தில் படிவம் நிரப்பப் பார்த்தா. 'தமிழ்' என்பதை அழுத்த அழுத்த ஆங்கிலமே வந்தது. "எனக்குத்தான் விளங்கேல்லப் போல" என்று போனை வைத்துவிட்டா. பிழை அவவுடையது இல்லை. அதைச் செய்தவரிடம் எத்தனை பட்டம் இருந்தால் அம்மாவுக்கு என்ன? எனக்கு வலிப்பது அந்தக் கொமெண்டைவிட இதுதான்.

அந்தத் தளத்தைச் செய்தவர்களே, அந்தப் பாமினிக் கோப்புகளை அனுப்புங்கள். தேடவும் வாசிக்கவும் முடிகிற பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றி, எழுத்துப் பிழை பார்த்து நானே தருகிறேன். காசு வேண்டாம், என் பெயரும் போட வேண்டாம்.