அது பாலிசி மேட்டருங்க

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு விவசாயப் பயிற்சிக் கூட்டத்துல போய் உக்காந்திருந்தேன். பூச்சி மருந்து எப்படி கலக்கணும், முகத்துக்கு என்ன கட்டிக்கணும், அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுவடை பண்ணணும்னு எல்லாம் நல்லாவே சொல்லிக் குடுத்தாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. முடியப்போற நேரத்துல பின் வரிசையில இருந்த ஒரு பெரியவர் எந்திரிச்சு, "சார், நீங்களே சிபாரிசு பண்ண மருந்துதான, இப்ப தடைன்றீங்க, இதெல்லாம் யார் சார் முடிவு பண்றாங்க, எங்கள ஏன் ஒரு வார்த்தை கேக்கல"ன்னார். பேசிட்டிருந்தவர் ஒரு நிமிஷம் யோசிச்சார். "அது பாலிசி மேட்டருங்க ஐயா, நம்ம கையில இல்ல. வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

பெரியவர் உக்காந்துட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகல.

அந்த அதிகாரி மேல எனக்குக் கோவம் இல்ல, அவருக்கு சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு விவசாயியோட வருமானத்தை முடிவு பண்றதுல விதை, உரம், மழைக்கு எந்த அளவு பங்கு இருக்கோ அதே அளவு பங்கு மானியத்துக்கு இருக்கு, ஏற்றுமதித் தடைக்கு இருக்கு, இறக்குமதி வரிக்கு இருக்கு, கடன் விதிக்கு இருக்கு, விளைபொருள்ல எவ்வளவு மருந்து எச்சம் இருக்கலாம்னு எங்கயோ உக்காந்து எழுதுற ஒரு எண்ணுக்கு இருக்கு. முதல் பாதியை சொல்லித்தர ஊர் உலகமெல்லாம் ஆள் இருக்காங்க, ரெண்டாவது பாதியை சொல்லித்தரத்தான் ஆளே இல்ல. அதை சொல்லித்தர்றதுக்குப் பேர் கொள்கைக் கல்வி. இது ஒண்ணும் நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல, உலகத்துல பல இடத்துல பல பேர் ஏற்கனவே செஞ்சு பார்த்த விஷயம்தான், நாம மறந்துட்டோம்.

கனடாவுல 1941-லேருந்து 1965 வரைக்கும் நேஷனல் ஃபார்ம் ரேடியோ ஃபோரம்னு ஒண்ணு நடந்துச்சு. குளிர்காலத்துல வாரம் ஒரு ராத்திரி, அக்கம்பக்கத்து குடும்பங்கள் யார் வீட்டுலயாவது கூடுவாங்க. முன்னாடியே தபால்ல ஒரு சின்ன புத்தகம் வந்திருக்கும், அதைப் படிச்சிட்டு வருவாங்க, அரை மணி நேரம் சிபிசின்ற அந்த நாட்டுப் பொது வானொலியைக் கேப்பாங்க, அப்புறம் அவங்களுக்குள்ள பேசுவாங்க. விலை நிர்ணயம், கூட்டுறவு, கிராமத்து ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு என்ன வேணா இருக்கும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கடுத்த ஸ்டெப். பேசி முடிச்சு அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு எழுதி மாகாண ஆபீசுக்கு அனுப்புவாங்க, அந்த பதில்களோட சுருக்கம் திரும்பவும் ரேடியோவுல வரும். அதாவது மேலேருந்து கீழ மட்டும் இல்ல, கீழேருந்து மேலயும் தகவல் போச்சு. படி, கேள், விவாதி, செயல்படுங்கறதுதான் அவங்க கோஷம். யுனெஸ்கோ இதைப் பார்த்துட்டு 1956-ல அகில இந்திய வானொலியோட சேர்ந்து புனே பக்கம் சுமார் 150 கிராமத்துல பத்து வாரம் இதே மாதிரி நடத்துச்சு.

அமெரிக்காவுல 1914-ல ஸ்மித்-லீவர் சட்டம் வந்து விவசாய விரிவாக்க சேவை, அதாவது விவசாயிகளைத் தேடிப் போய் சொல்லித்தர்ற சேவை, ஆரம்பிச்சப்போ அங்கயும் முதல்ல தொழில்நுட்பம்தான் பேசினாங்க. 1930கள்ல விலை பாதாளத்துக்குப் போய், மண்ணெல்லாம் புழுதியா பறந்து போனப்போதான் விளைச்சலைக் கூட்டறது மட்டுமே பதில் இல்லன்னு உறைச்சுச்சு. 1935-லேருந்து அங்க விவசாயத் துறையே ஊர் ஊரா விவாதக் குழு நடத்த ஆரம்பிச்சாங்க. அதுக்குன்னு அச்சடிச்ச சின்ன புத்தகங்கள்ல கேள்விதான் தலைப்பு. விவசாயத்துல திறன் கூடிட்டே போறது எப்பவும் நல்லதுதானா, ஏற்றுமதி இறக்குமதி விவசாயியை எப்படி பாதிக்குதுன்னு கேட்டு, உள்ள ஒவ்வொரு தரப்பும் என்ன சொல்லுதுன்னு போட்டுட்டு முடிவை படிக்கிறவங்ககிட்ட விட்டுட்டாங்க. ஒரு அரசாங்கமே தன்னோட கொள்கையை கேள்வியா மாத்தி ஜனங்க கையில குடுக்கறதை நினைச்சுப் பாருங்க. 1940கள் பாதியில அது நின்னு போச்சு, ஆனா அந்த முறை பல்கலைக்கழகங்கள் வழியா தொடர்ந்துச்சு. பிரச்சினை என்ன, யார் யாருக்கு இதுல பங்கு இருக்கு, என்னென்ன வழி இருக்கு, ஒவ்வொரு வழியிலயும் யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம், இவ்வளவையும் விரிச்சு வைக்கணும், எதைத் தேர்ந்தெடுக்கணும்னு மட்டும் சொல்லக்கூடாது. இவ்வளவுதான் அந்த முறை. கேக்க சாதாரணமா இருக்கும், செஞ்சு பார்த்தா தெரியும் எவ்வளவு கஷ்டம்னு, ஏன்னா நமக்கெல்லாம் பேச ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் தீர்ப்பு சொல்லிடணும்.

மருந்துத் தடைன்னு பெரியவர் கேட்டாரே, அதுக்கு இந்தோனேசியா கதையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியல. அவங்க 1984-ல அரிசியில தன்னிறைவு அடைஞ்சாங்க, ரெண்டே வருஷத்துல புகையான்னு நெல்லுல சாறு உறிஞ்சற பூச்சி வந்து வயலெல்லாம் கருக ஆரம்பிச்சுச்சு. அந்த காலத்துல பூச்சி மருந்து விலையில 80 சதவீதம் அளவுக்கு அரசாங்க மானியம். சல்லிசா கிடைச்சதால அடிச்சாங்க, மறுபடி மறுபடி அடிச்சாங்க. புகையான் முட்டை இலை உறைக்குள்ள இருக்கும், மருந்து அங்க சரியா போய் சேராது, ஆனா அந்தப் பூச்சியைத் தின்னுற சிலந்தியும் மத்த நல்ல பூச்சிகளும் வெளிய நடமாடறதால மொத்தமா செத்துச்சு. அடிக்க அடிக்க புகையான் கூடிச்சு. வெளிய தெரியறது பூச்சிப் பிரச்சினை, உள்ள இருந்தது மானியப் பிரச்சினை! 1986 நவம்பர்ல அதிபர் உத்தரவு போட்டு 57 மருந்தை நெல்லுக்கு அடிக்கக் கூடாதுன்னு தடை பண்ணாங்க, 1989-க்குள்ள மானியத்தையும் நிறுத்திட்டாங்க.

இதோட விட்டிருந்தா அதுவும் ஒரு "பாலிசி மேட்டர்"தான், மேலேருந்து வந்து விழுந்த உத்தரவு. ஆனா 1989-லயே ஐநா உணவு விவசாய அமைப்போட சேர்ந்து வயல்வெளிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. இருபத்தஞ்சு பேர் மாதிரி ஒரு குழு, ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு காலை வயல்ல இறங்கி எண்ணுவாங்க, எத்தனை புகையான், எத்தனை சிலந்தின்னு பெரிய தாள்ல வரைஞ்சு, அடிக்கலாமா வேணாமான்னு அவங்களே வாதாடி முடிவு பண்ணுவாங்க. "இது என்ன பூச்சி"ன்னு கேட்டா சொல்லித்தர்றவர் பேரைச் சொல்ல மாட்டார், "எங்க பார்த்தீங்க, அது என்ன பண்ணிட்டிருந்துச்சு"ன்னு திருப்பிக் கேப்பார். பத்து வருஷத்துல பத்து லட்சம் பேர் கிட்ட இப்படிப் படிச்சாங்க. தடை ஏன் வந்துச்சுங்கற காரணத்தை தன் கண்ணால வயல்ல பார்த்தவனுக்கு அந்தத் தடை தன் மேல திணிச்ச விஷயமா தெரியாது, இதைத்தான் நான் சொல்ல வர்றேன்.

இப்ப சாப்பிடறவங்க பக்கம் வருவோம், ஏன்னா இது விவசாயிக்கு மட்டும் வேண்டிய படிப்புன்னு நினைச்சா தப்பு. 2011-ல ஜெர்மனியில ஒரு மோசமான ஈகோலை கிருமி பரவி 3,800 பேருக்கு மேல நோய் வந்துச்சு, ஐம்பது பேருக்கு மேல செத்தாங்க. மே மாசக் கடைசியில ஹாம்பர்க் அதிகாரிங்க ஸ்பெயின் வெள்ளரிக்காதான் காரணம்னு அறிவிச்சுட்டாங்க. வெள்ளரியில கிருமி இருந்துச்சு, ஆனா ஆளைக் கொன்ன அதே வகைக் கிருமி இல்ல, அது பிறகுதான் தெரிஞ்சது. அதுக்குள்ள வெள்ளரி மலை மலையா குப்பைக்குப் போச்சு, ரஷ்யா மொத்த ஐரோப்பியக் காய்கறியையும் தடை பண்ணுச்சு, கடைசியில ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிகளுக்கு 210 மில்லியன் யூரோவுக்கு மேல நஷ்ட ஈடு ஒதுக்க வேண்டி வந்துச்சு.

உண்மையான காரணம் முளைகட்டின வெந்தயம். கண்டுபிடிச்ச விதம் ரொம்ப அழகு. நோயாளிகிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா வெள்ளரி, தக்காளின்னுதான் ஞாபகம் வருது, சாலட் மேல தூவின முளை ஞாபகமே வரல. அதனால ஒரே ஓட்டல்ல குழுவா சாப்பிட்டவங்களைப் பிடிச்சு, பில்லைப் பார்த்து, அவங்க எடுத்த போட்டோவைப் பார்த்து, சமையல்காரர்கிட்ட எந்தத் தட்டுல என்னென்ன போட்டீங்கன்னு கேட்டு கணக்குப் போட்டாங்க. முளை போட்ட தட்டு வாங்கினவங்களுக்கு நோய் வந்த வாய்ப்பு மத்தவங்களை விட 14 மடங்கு! இந்த வேலை முடியறதுக்குள்ள யாரோ ஒருத்தர் மைக் முன்னாடி அவசரப்பட்டதுக்கு விலை குடுத்தது சம்பந்தமே இல்லாத ஒரு வெள்ளரி விவசாயி.

இதுக்கு நேர் எதிரான தப்பு பிரிட்டன்ல நடந்துச்சு. மாட்டுக்கு மாட்டு எலும்புத்தூளையே தீவனமா போட்டதுல மேட் கவ்னு சொல்ற பைத்தியப் பசு நோய் பரவி, 1986-ல அதை அடையாளம் கண்டாங்க. மனுஷனுக்கு ஒண்ணும் வராதுன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்தாங்க, 1990-ல விவசாய மந்திரி ஜான் கம்மர் டிவி கேமரா முன்னாடி தன்னோட நாலு வயசு மகளுக்கு பர்கர் குடுத்துக் காமிச்சார். 1996 மார்ச் 20 அன்னிக்கு, மனுஷனுக்கு வர்ற புது மூளை நோய்க்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு பார்லிமென்ட்ல ஒத்துக்கிட்டாங்க. அந்த நாட்டுல மட்டும் 170 பேருக்கு மேல அந்த நோயில செத்திருக்காங்க, லட்சக்கணக்குல மாடுகளைக் கொன்னாங்க. 2000-ல வந்த விசாரணை அறிக்கை, ஜனங்க பயந்துடக் கூடாதுன்னு சமாதானம் சொல்லிட்டே இருந்ததுதான் தப்புன்னு எழுதுச்சு.

ரெண்டு இடத்துலயும் ஜனங்களை குழந்தை மாதிரி நடத்தியிருக்காங்க. இன்னும் உறுதியாகல, இதுவரைக்கும் தெரிஞ்சது இவ்வளவு, நாளைக்கு மாறலாம்னு சொன்னா ஜனங்களுக்குப் புரியாதுன்னு யார் முடிவு பண்ணது? உலக சுகாதார நிறுவனம் 2015-ல வெளியிட்ட கணக்குப்படி உலகத்துல வருஷத்துக்கு 60 கோடி பேர் கெட்ட உணவால நோயில விழறாங்க, 4.2 லட்சம் பேர் சாகறாங்க, அதுல 1.25 லட்சம் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. இவ்வளவு பெரிய விஷயத்துல நமக்குக் கிடைக்கறது பயமுறுத்தற ஃபார்வர்டு மெசேஜும் ஒண்ணுமில்ல பயப்படாதீங்கற அறிக்கையும் மட்டும்தான்னா எப்படி?

கிராமத்துப் பிரச்சினைகள்ல நிலத்தடி நீரை மட்டும் சொல்றேன், மத்தது எல்லாம் சேர்த்தா பதிவு நீண்டுடும். எலினார் ஆஸ்ட்ரம், 2009-ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின முதல் பெண், அவங்க 1965-ல முடிச்ச ஆராய்ச்சிப் படிப்பே லாஸ் ஏஞ்சலஸ் கடலோரத்துல ஒரு நிலத்தடி நீர்ப் படுகை பத்தினதுதான். எல்லாரும் போட்டி போட்டு உறிஞ்சி உறிஞ்சி கடல்நீர் உள்ள வர ஆரம்பிச்சிருந்துச்சு. நான் நிறுத்தினா பக்கத்துக்காரன் எடுப்பான், அதனால நான் எதுக்கு நிறுத்தணும்னு ஒவ்வொருத்தரும் நினைச்சாங்க. மாத்தினது எதுன்னா, வழக்கு கோர்ட்டுக்குப் போய், யார் எவ்வளவு எடுக்கறாங்க, படுகையில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கணக்கு எல்லார் முன்னாடியும் வந்தது, சங்கம் வெச்சு அதைப் பேசி எல்லாரும் குறைச்சுக்க ஒத்துக்கிட்டது. யாரும் நல்லவனா மாறிடல, எல்லாருக்கும் ஒரே கணக்கு தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

இதுக்கு ரெண்டு எதிர்ப்பு வரும்னு தெரியும். ஒண்ணு, நடுநிலையா ரெண்டு பக்கமும் சொல்றேன்னு சொல்லி பலமுள்ளவனுக்குத்தான் துணை போவீங்கன்னு. இது நியாயமான பயம், பயிற்சிக்கு காசு குடுக்கறது யாருன்னு பார்க்காம நடுநிலைன்னு பேசறதுல அர்த்தமே இல்ல, மருந்துக் கம்பெனி செலவுல நடக்குற கூட்டத்துல மருந்துத் தடை பத்தி என்ன நடுநிலை வரும்? அதுவும் போக நடுநிலைன்னா பொய்க்கும் உண்மைக்கும் சம இடம் குடுக்கறது இல்ல, சிலந்தி செத்துச்சுங்கறது கருத்து இல்ல, எண்ணிப் பார்த்த கணக்கு. அந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு மானியத்தை உடனே நிறுத்தணுமா, படிப்படியா குறைக்கணுமா, அந்தப் பணத்தை வேற எதுக்கு குடுக்கணும்ங்கறதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடற கேள்வி. ரெண்டாவது எதிர்ப்பு, இதெல்லாம் படிச்சவங்க பேசற விஷயம், விவசாயிக்கு எங்க நேரம்னு. வயல்வெளிப் பள்ளியில கையெழுத்து போடத் தெரியாதவங்களும் படம் வரைஞ்சு வாதாடினாங்க, அதுக்கு மேல இதுக்கு நான் பதில் சொல்ல விரும்பல.

கூட்டம் முடிஞ்சு வெளிய வந்து அந்தப் பெரியவரைத் தேடிப் பிடிச்சேன். நானும் அவரும் இன்னும் மூணு பேரும் உக்காந்து ஒரு நோட்டுல எழுதிப் பார்த்தோம். இந்த மருந்தை நிறுத்தினா யாருக்கு என்ன ஆகும், சாப்பிடற குழந்தைக்கு என்ன, மாற்று மருந்து விலை கூடினா சின்ன விவசாயிக்கு என்ன, தடையே இல்லாம மருந்து அடிச்சு அறுவடைக்குக் காத்திருக்கற நாளை மட்டும் கூட்டினா போதுமான்னு. ஒரு மணி நேரத்துல ரெண்டு பக்கம் நிறைஞ்சுச்சு. தடை சரியா தப்பான்னு எங்களுக்குள்ள ஒத்துப் போகல, பெரியவர் கடைசி வரைக்கும் இன்னும் ரெண்டு வருஷம் அவகாசம் குடுத்திருக்கணும்னுதான் சொன்னார், அந்த மூணு பேர்ல கூலி வேலைக்குப் போற ஒரு அக்கா ஒரு நாள் கூட குடுக்கக் கூடாதுன்னாங்க, ஏன்னா மருந்து டேங்கை முதுகுல சுமக்கறது அவங்க வீட்டுக்காரர். அவர் சுமக்கறாருங்கறது அதுவரைக்கும் எங்க லிஸ்ட்லயே இல்ல. பெரியவர் நோட்டை வாங்கி அதை அவர் கையாலயே முதல் வரியா எழுதினார்.