பேரு, வண்டி, எத்தனை சிசி?

எங்கள் கொங்குப் பக்கம் புது ஆளைப் பார்த்தால் பேச்சு ஒரே தடத்தில்தான் போகும். "எந்த ஊருங்க?" "அங்க எந்தப் பக்கமுங்க?" "அப்பா என்ன பண்றாருங்க?" கடைசியில், ரொம்ப மரியாதையாக, "குலதெய்வக் கோயில் எங்கீங்க?" இந்த நாலாவது கேள்விக்குப் பதில் வந்ததும் கேட்டவர் ஒன்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வார், இல்லையென்றால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எனக்கு வயது 43. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். இந்த நாலு கேள்விகளையும் நான் கேட்டிருக்கிறேன், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

2012 இல் ஹோண்டா சிபிஆர் 250ஆர் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பைக் குழு ஒன்றோடு டீக்கடை வாசலில் போய் நின்றபோது, யாரும் ஊரைக் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்கவில்லை. "பேரு? வண்டி?" அவ்வளவுதான். பல் டாக்டரும் லேத் பட்டறைக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செயின் ஸ்பிரே எது நல்லது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சந்தோஷம் மூன்றாவது கேள்வி வரும் வரைதான். "எத்தனை சிசி?" அதாவது, எஞ்சின் எவ்வளவு பெரிசு?

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் ஓட்டுகிற ஸ்போர்ட் டூரிங் என்பது ரெண்டுங்கெட்டான் ஆசை. ரேஸ் வண்டி டேங்க் மேல் ஆளைப் படுக்க வைக்கும். நூறு கிலோமீட்டரில் மணிக்கட்டு கெஞ்சும். குரூஸர் சாய்வு நாற்காலி மாதிரி. நெடுஞ்சாலையில் சுகம், மலை வளைவில் சரித்தால் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். எங்களுக்கோ காலையில் 300 கிலோமீட்டர் போய், மலையில் நாலு வளைவு ஆசை தீரச் சரித்து ஓட்டிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும், மறுநாள் முதுகு பிடிக்கவும் கூடாது. அதற்கென்றே உள்ள ஜாதி வண்டி இது. பிஎம்டபிள்யூ 1976 இல் ஆர்100ஆர்எஸ் வண்டிக்குக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்த முழு ஃபேரிங், அதாவது எதிர்க்காற்றைத் தடுக்கும் வெளி மூடி, போட்டு விற்றது; இந்த வகையின் மூத்த அண்ணன் என்று பலரும் சொல்வது அதைத்தான். நம் ஊரில் அந்த வேலையை முதலில் செய்தது 2003 இல் வந்த கரிஸ்மா. 223 சிசி. அதை யாரும் ஸ்போர்ட் டூரர் என்று சொல்லி விற்கவில்லை. ஆனால் எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஒரே நாளில் 500 கிலோமீட்டர் போகலாம் என்று கண்டுகொண்டது அந்த சீட்டில்தான். பிறகு பல்சர் 220, ரெட்டை ஹெட்லைட் வைத்த 153 சிசி ஃபேசர், 2011 இல் என் வண்டியின் மாடல், 2016 கடைசியில், ஃபேரிங் இல்லாவிட்டாலும் தூரத்துக்கு அசராத டோமினார் 400. இன்று வசதி உள்ளவர்களுக்கு நின்ஜா 1100எஸ்எக்ஸ் வரைக்கும் இருக்கிறது.

சரி, அந்த மூன்றாவது கேள்வி. பெட்ரோல் பங்கில் வரும் கேள்விகள் எனக்குப் பிடிக்கும். "மைலேஜ் எவ்வளவு குடுக்குதுங்க?" என்று ஆயிரம் சிசி வண்டிக்காரரிடமும் கூச்சமில்லாமல் கேட்பான் நம்மாள். அது வெறும் ஆர்வம். குழுவுக்குள் "எத்தனை சிசி?" என்று கேட்பது அந்த ரகம் இல்லை. பதிலைப் பொறுத்து அடுத்த அரை நாள் யார் பக்கத்தில் உங்கள் வண்டி நிற்கும், உங்களை ப்ரோ என்பார்களா தம்பி என்பார்களா, குரூப் போட்டோவில் எந்த வரிசை எல்லாமே முடிவாகும். 150 சிசிக்காரர் பேசும்போது செல்போனைப் பார்ப்பார்கள். 650 வாய் திறந்தால் டீ டம்ளரோடு வட்டம் கூடும். குலதெய்வம் கேட்காத இடம் என்று நம்பி வந்தவனுக்கு இது பழகிய காட்சியாகத்தான் இருந்தது. அரசாங்கமும் 2025 செப்டம்பரில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டது: 350 சிசி வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 40. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலைதான் சமத்துவம். 2023 ஆகஸ்டிலிருந்து அதன் பிரதான பாதையில் எந்த டூவீலருக்கும் அனுமதி இல்லை. இருபது லட்சம் ரூபாய் வண்டியும் மொபெட்டும் சேர்ந்தே சர்வீஸ் ரோட்டில் போகலாம்.

இதையெல்லாம் பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைத்தால் பாதி சரி. மீதியைச் சொல்கிறேன்.

2014, ஐப்பசி மழை ஓய்ந்த சமயம். வேறொரு குழு, பெயர் வேண்டாம். கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில் பதினெட்டு வண்டிகள். சுய அறிமுகம் நடக்கிறது. எனக்கு முன்னால் ஒரு நின்ஜா 650, இரண்டு டியூக் 390. ஒவ்வொருவரும் பேர், வண்டி, சிசி, அதோடு "டாப் ஸ்பீடு எவ்வளவு தொட்டிருக்கீங்க?" என்ற கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். 160, 170, 195 என்று ஏலம் ஏறிக்கொண்டே வருகிறது. என் முறை வந்தது. நான் வாழ்நாளில் தொட்டது 128. அதுவும் சேலம் பைபாஸில் ஒரே ஒரு தடவை, உடனே பயந்து குறைத்தது.

"150," என்றேன்.

"கொல்லி வந்திருக்கீங்களா?"

"நெறைய தடவை."

போனது ஒரு தடவை. அம்மாவோடு, பஸ்ஸில், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு. ஆகாய கங்கைக்குப் படி இறங்க முடியாமல் பாதியிலேயே திரும்பியது வேறு கதை.

நடத்தியவர் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு என்னை முன் கூட்டத்தில் நாலாவது ஆளாகப் போட்டார். அவர்மேல் தப்பே இல்லை. குழுவாகப் போகும்போது முன்னால் லீட், கடைசியில் ஸ்வீப், நடுவில் யார் எங்கே என்று பிரிப்பது அறிமுகத்தில் சொல்வதை வைத்துத்தானே?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை இருக்கும். முதல் இருபதை எப்படியோ ஒட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போனவர் இரண்டு வண்டி நீளம் தள்ளிப்போக, நேர்ச்சாலையில் முறுக்கி அதைப் பிடித்தேன். புதியவன் செய்கிற தப்பே அதுதான். வளைவுக்குள் நுழையும் வேகம் தன் கையில் இல்லை, முன்னால் போகிறவன் கையில். முப்பதைத் தாண்டி ஒரு வலது வளைவு. மேலிருந்து பஸ் ஹாரன் அடித்திருக்கிறான். முன் வண்டியின் சைலன்சர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஆனால் இறங்குகிற பஸ்ஸுக்கு அது இடது வளைவு, உள்பக்கம் குறுகல், ரோடு முழுக்க எடுத்துக்கொள்ளாமல் அதால் திரும்பவே முடியாது. தெரிந்தவன் ஹாரன் கேட்டதும் கீழேயே ஓரங்கட்டி நிற்பான். எனக்கு முன்னால் போன மூன்று பேரும் பஸ் வருவதற்குள் தாண்டிவிட்டார்கள். நான் வலது பக்கம் சரித்தபடி உள்ளே போகிறேன், எதிரே பஸ்ஸின் முகப்பு. அதையே பார்த்தேன். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும், வளைவின் வெளிவாசலைப் பார்க்க வேண்டும் என்று படித்தது எல்லாம் அந்த நொடியில் எங்கேயோ போய்விட்டது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். ஓரத்தில் மழை அடித்துக்கொண்டு வந்து போட்ட பொடி மணல். என் வண்டி, பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் இல்லாத மாடல்.

விழுந்ததை விட அதற்கப்புறம் வந்த அமைதிதான் ஞாபகம் இருக்கிறது. பஸ் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. வண்டி தடுப்புச் சுவரில் சாய்ந்துகொண்டு, பின் சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்னாசிப்பழ மூட்டையோடு வந்த ஒரு அம்மா இறங்கி வந்து, என் ஹெல்மெட்டை யாரோ கழற்றப் போனபோது, "கழுத்தைப் பாத்துக் கழட்டுங்கடா" என்று அதட்டியது. டிரைவர் என்னைச் சுவரோரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"ஏந்தம்பி, வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

உண்மையில் சொல்லவில்லை. ராசிபுரத்தில் சரக்குப் பார்க்கப் போகிறேன் என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். வலது காறை எலும்பில் விரிசல், முழங்கையில் தோல் இல்லை, ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். ராசிபுரத்தில் என்ன சரக்கு பார்த்தாய் என்று என் மாமனார் இன்றைக்கும் கேட்கிறார்.

இப்போது நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போகிறோம். புதிதாக யாராவது வந்தால் பன்னிரண்டு, பதினைந்து ஆகும். அறிமுகம் உண்டு. சிசி கேட்பதில்லை, வண்டி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அதற்குமேல் அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. டேங்க் ஃபுல்லுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்கிறோம். என் வண்டிக்கு 13 லிட்டர், நிதானமாக ஓட்டினால் 350 கிலோமீட்டர் தாங்கும். முதல் மாடல் டியூக் 390 க்கு 11 லிட்டர்தான். என்னைவிட வேகமாகப் போய் என்னைவிட முன்னாலேயே பங்கைத் தேடும். ஒரு பயணம் எங்கெங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது கூட்டத்திலேயே சின்ன டேங்க்தான். ஐம்பது தாண்டியவர்கள் இருந்தால் அவர்களுடைய சிறுநீர்ப்பை. அப்புறம், கடைசியாகச் செயின் எப்போது இறுக்கினீர்கள், ரத்த வகை என்ன, இருட்டில் ஓட்டக் கண் கூசுமா, வீட்டில் யாருடைய நம்பருக்குக் கூப்பிட வேண்டும். பஞ்சர் கிட் யாரிடம் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

டாப் ஸ்பீடு கேட்பதில்லை. யாராவது தானாகச் சொன்னால், அவரைக் கடைசிக்கு முந்தின ஆளாகப் போடுகிறோம். என் அனுபவம்.

பெருமை பேசவே கூடாது என்று சொல்லவில்லை. ஐந்து வருடம் தவணை கட்டி ஒருவர் பெரிய வண்டி வாங்கினால் ஊரைக் கூட்டிச் சொல்லட்டும், நானும் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வேன். 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,610 கிலோமீட்டர் ஓட்டிச் சான்றிதழ் வாங்குகிறார்கள்; நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்து மணிக்கு 67 சராசரி. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதைச் சாதித்தவர் மார்தட்டினால் எனக்குக் கைதட்டத்தான் தோன்றும். என் கோபமெல்லாம், கேட்பவன் கண்ணைப் பார்த்ததும் 128 ஐ 150 ஆக்கத் தோன்றுகிற அந்தச் சூழல்மேல்.

நான் கேட்டதிலேயே பிடித்த அறிமுகம் இரண்டு. ஒன்று, கரிஸ்மாவில் வந்த ஒரு மெக்கானிக் அண்ணன். "2006 மாடல். ரெண்டு தடவை போரு, மூணு தடவை கிளட்ச் பிளேட்டு, ரெண்டு பொண்ணுக கல்யாணம். வண்டியை மட்டும் விக்கலைங்க." இன்னொன்று, போன மார்கழியில் கரூரிலிருந்து டோமினாரில் வந்த ஒரு பெண். பேர் சொல்லிவிட்டு, டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இடது கொண்டை ஊசின்னா பயம். ரெண்டாவது கியர்ல மெதுவாத்தான் ஏறுவேன். பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிக்காதீங்க, அவசரம்னா கை காட்டுறேன், போயிருங்க." அன்று அவர் பின்னால் நான்தான் போனேன். ஏற்காட்டின் 20 வளைவையும் அவர் வேகத்திலேயே ஏறினோம். என் கை ஒரு தடவைகூட இறுகவில்லை. மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் அவர் திரும்பி, "அண்ணா, நீங்க எனக்காக மெதுவா வந்தீங்களா?" என்றார். இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

சரி, என் அறிமுகத்தையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு. சிபிஆர் 250ஆர், 2012, கறுப்பு. 1,14,000 கிலோமீட்டர். தொட்ட அதிகபட்ச வேகம் 128. மணல் கிடக்கிற வலது வளைவு என்றால் இன்றைக்கும் தோள் இறுகும். ஓ பாசிட்டிவ். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அன்று உடைந்த வலது பக்க ஃபேரிங்கை இரண்டு தடவை பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போது மறுபடியும் விரிசல் விட்டுவிட்டது. கம்பெனி இந்த மாடலை நிறுத்தியே வருடங்கள் ஆகிவிட்டதால் கடைகளில் கிடைப்பதில்லை. யாரிடமாவது ஒரிஜினல் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். சிவப்பு என்றாலும் பரவாயில்லை.