எதிரி வார்த்துக் கொடுத்த பதக்கம்

வெற்றிப் பதக்கங்களில் பொய் இருப்பது புதிதல்ல. 1741இல் ஸ்பானியத் தளபதி பிளாஸ் தே லேசோ மண்டியிட்டுப் பணிவதுபோல் பிரிட்டனில் பதக்கங்கள் விற்றன. இன்றைய கொலம்பியாவிலுள்ள கார்ட்டஹேனாவில் தோற்றுத் திரும்பியதோ பிரிட்டிஷ் படை! அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். லூசிடேனியா பதக்கத்தை என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

முதல் உலகப் போரின்போது, 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரையருகே ஜெர்மன் நீர்மூழ்கி யு-20, லூசிடேனியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மியூனிக் பதக்கக் கலைஞர் கார்ல் கோட்ஸ், அரசு கேட்காமலே, சொந்தமாக ஒரு கேலிப் பதக்கம் வார்த்தார். ஒரு பக்கம், பீரங்கியும் விமானமும் அடுக்கிய தளத்தோடு மூழ்கும் கப்பல். மறுபக்கம், கப்பலுக்குச் சொந்தக்காரரான குனார்ட் நிறுவனத்தின் கவுண்டரில் டிக்கெட் விற்கும் எலும்புக்கூடு. மேலே, ‘எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரமே’.

பயணிகளோடு போர்ச் சரக்கையும் ஏற்றியவர்கள் மீது அவருக்குக் கோபம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்; கப்பலில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தன. ஆனால் பீரங்கியும் விமானமும் அவர் கற்பனை. சுட்ட நீர்மூழ்கியோ படத்தில் இல்லவே இல்லை. ஒருவர் கையிலுள்ள செய்தித்தாளில் ‘நீர்மூழ்கி’ என்ற சொல் மட்டும் வருகிறது. கொன்றவனை மறைத்துவிட்டு டிக்கெட் விற்றவனைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

போதாக்குறைக்குத் தேதியை மே 5 என்று பொறித்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். ‘பார்த்தீர்களா, முன்பே திட்டமிட்டிருக்கிறார்கள்’ என்றது பிரிட்டன். அவர் பின்னர் 7 என்று திருத்தி வார்த்தும் பயனில்லை.

பிரிட்டிஷ் பிரச்சாரகர்கள் புதிதாக எதையும் வரையவில்லை என்பதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. அதே பதக்கத்தைப் பிழையோடு நகலெடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, கொலையைக் கொண்டாட ஜெர்மனி அடித்த பதக்கம் இது என்று துண்டறிக்கை சேர்த்து, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கோட்ஸ் வார்த்தவை சில நூறு. நகல்களோ இரண்டரை லட்சத்துக்கும் மேல். கேலி கொண்டாட்டமாக மாற அந்தத் துண்டறிக்கை போதுமாக இருந்தது. காகிதத்தில் படித்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். கையில் கனத்த உலோகத்தை யார் சந்தேகிப்பார்கள்? வருமானம் பார்வையிழந்த போர்வீரர்களின் இல்லத்துக்கும் செஞ்சிலுவைக்கும் போனது. அப்படிப்பட்ட பொருளைப் பொய் என்று வெளியில் சொல்ல எவருக்குத்தான் வாய் வரும்?

1917 தொடக்கத்தில், மியூனிக் அமைந்துள்ள பவேரியாவின் அதிகாரிகள் மூலப் பதக்கத்துக்குத் தடை விதித்தார்கள். லண்டனில் விற்ற நகல்களை அந்தத் தடை என்ன செய்துவிடும்?